பாரத மாதா சங்கம்

பாரத மாதா சங்கம் என்பது 1910-1911 ஆண்டுகளில் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்திலும், அதனை ஒட்டியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானப் பகுதிகளிலும் இயங்கிய ஓர் இரகசியப் புரட்சி அமைப்பு ஆகும். நீலகண்ட பிரம்மச்சாரி இதன் முதன்மை அமைப்பாளராக விளங்கினார். இச்சங்கத்தின் உறுப்பினருள் ஒருவரான வாஞ்சிநாதன், 1911 சூன் 17 அன்று மணியாச்சி தொடர்வண்டி நிலையத்தில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்றதைத் தொடர்ந்தே இப்படி ஓர் அமைப்பு இருந்தது வெளியுலகிற்குத் தெரியவந்தது. அதையடுத்து நடந்த சதி வழக்குடன் சங்கம் முடிவுக்கு வந்தது.

வங்காளத்திலும் மகாராட்டிரத்திலும் இயங்கிய இரகசியச் சங்கங்களைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குத் தென்னிந்தியாவின் இச்சங்கத்தைப் பற்றி எழுதப்படவில்லை. பள்ளிப் பாடநூல்களில் வாஞ்சிநாதன் தனித்து நின்று செயல்பட்ட ஒரு வீரராகவே பெரும்பாலும் அறிமுகமாகிறார். அவருக்குப் பின்னால் இருந்த அமைப்பு, அதன் சபதம், அதன் குறைபாடுகள் ஆகியன அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இரகசியச் சங்கங்கள்: ஒரு பின்புலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில், வெளிப்படையாகக் கூட்டம் கூடவோ பத்திரிகை நடத்தவோ இயலாத நாடுகளில் இரகசியச் சங்கங்கள் பெருகின. இத்தாலியின் கார்போனாரி இவற்றுள் புகழ் பெற்றது. அதில் சில காலம் இருந்து பின்னர் விலகிய மாஜினி, 1831இல் 'இளம் இத்தாலி' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அவ்வமைப்பில் சேர்வோர் எடுக்க வேண்டிய உறுதிமொழி இந்திய இளைஞர்களிடையே பெரும் ஈர்ப்பை உண்டாக்கியது. சாவர்க்கர் மாஜினியின் வரலாற்றை மராத்தியில் எழுதினார். சுப்பிரமணிய பாரதியார் மாஜினியின் உறுதிமொழியைத் தமிழில் கவிதையாக்கினார்.

இந்தியாவில் 1902இல் கல்கத்தாவில் அனுசீலன் சமிதியும், 1904இல் மகாராட்டிரத்தில் அபிநவ பாரத சங்கமும் தோன்றின. 1905ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினை இவற்றுக்கு வேகம் அளித்தது. இவ்வகை அமைப்புகளிடம் சில பொதுக் கூறுகளைக் காணலாம். சேர்பவர் ஒரு தெய்வத்தின் முன் சபதம் எடுப்பார். அவருக்குப் புனைபெயர் ஒன்று வழங்கப்படும். தன்னைச் சேர்த்தவரையும் உடன் சபதம் எடுத்த சிலரையும் தவிர ஏனையோரை அவர் அறியமாட்டார். ஒருவர் பிடிபட்டாலும் முழு அமைப்பும் சிக்கக்கூடாது என்பதே இதன் நோக்கம். இந்த ஏற்பாடு திருநெல்வேலியில் எவ்வளவு பலவீனமாகக் கையாளப்பட்டது என்பதைப் பின்னர் வழக்கு காட்டியது.

திருநெல்வேலிச் சூழல்

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரித்தானிய இந்தியக் கப்பல் நிறுவனம் வைத்திருந்த தனியுரிமைக்கு இது நேரடிப் போட்டியாக அமைந்தது. 1908 தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது. வ. உ. சி.யும் அவருடன் மேடைகளில் பேசி வந்த சுப்பிரமணிய சிவாவும் மார்ச்சு 12 அன்று கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் பெரும் கலகம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். சூலை மாதம் நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பில் வ. உ. சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகளும், சிவாவுக்குப் பத்து ஆண்டுகளும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் இவை ஆறு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டன.

கைது நடவடிக்கையின்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் விஞ்ச் என்பவர். அயர்லாந்தைச் சேர்ந்த ஆஷ் அப்போது தூத்துக்குடியில் துணை ஆட்சியர் நிலையில் இருந்தார். எனினும் கப்பல் நிறுவனத்துக்கு எதிரான நடவடிக்கைகளுக்கும் தூத்துக்குடியில் நிகழ்ந்த அடக்குமுறைக்கும் ஆஷே பொறுப்பு என்று அப்பகுதி மக்கள் கருதினர். 1910இல் அவர் திருநெல்வேலிக்கே ஆட்சியராக வந்தபோது இந்த நினைவு ஆறியிருக்கவில்லை. தலைவர்கள் சிறையில், கப்பல் நிறுவனம் நொடித்துக் கொண்டிருந்தது, பொதுக்கூட்டங்கள் இல்லை, பத்திரிகைகளுக்குக் கட்டுப்பாடு. வெளிப்படையான அரசியலுக்கு இடமற்றுப் போன இந்த வெற்றிடத்தில்தான் இரகசியச் சங்கம் முளைத்தது.

தோற்றமும் சபதமும்

நீலகண்ட பிரம்மச்சாரி 1889 டிசம்பர் 4 அன்று சீர்காழிக்கு அருகிலுள்ள எருக்கூரில் பிறந்தவர். புதுச்சேரியில் 'சூரியோதயம்' என்னும் இதழின் ஆசிரியராக இருந்தார். இதழ் தடைபட்ட பின்னர் தென் மாவட்டங்களில் சுற்றி, ஆர்வமுள்ள இளைஞர்களைத் திரட்டினார். அப்போது அவருக்கு வயது இருபதுக்குச் சற்று மேல். உறுப்பினர்களில் எழுத்தர், சிறு வணிகர், சமையல் தொழில் செய்வோர், ஆசிரியர் எனப் பலதரப்பட்டோர் இருந்தனர். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் பணியாற்றி வந்தார். அவருடைய மைத்துனர் சங்கரகிருஷ்ணன் வழியாக அவர் சங்கத்துடன் தொடர்பு கொண்டார்.

சபதச் சடங்கு பற்றிய விவரங்கள் வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாறியவர்கள் கூறியதிலிருந்து கிடைக்கின்றன. காளியின் படத்தின் முன் திருநீறும் பூவும் குங்குமமும் வைக்கப்படும். குங்குமம் கரைத்த செந்நீரை வெள்ளையரின் இரத்தமாகப் பாவித்து ஒவ்வொருவரும் பருக வேண்டும். 'வந்தே மாதரம்' என்று தலைப்பிட்ட தாளில், பெருவிரலைக் கீறி இரத்தத்தால் ரேகை பதிக்க வேண்டும். இரகசியத்தை வெளியிடுபவர் கொல்லப்படுவார் என்பதும் சபதத்தில் அடங்கும். ஒரு நாளைக் குறித்து எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் கிளர்ந்தெழுவது சங்கத்தின் திட்டமாகச் சொல்லப்பட்டது. தூத்துக்குடி, தென்காசி, செங்கோட்டை, புனலூர் ஆகிய ஊர்களில் இத்தகைய கூட்டங்கள் நிகழ்ந்தன.

இரத்த ரேகை பதித்த தாள் என்பது சபதம் எடுப்பவரின் மனத்தை உறுதிப்படுத்தும் கருவியாக இருக்கலாம். ஆனால் காவல்துறையின் கையில் அதைவிடச் சிறந்த சான்றாவணம் வேறில்லை. மறைந்து இயங்க வேண்டிய ஓர் அமைப்பு, தன் உறுப்பினர்களின் அடையாளத்தைத் தானே எழுதிப் பதிந்து வைப்பது வியப்புக்குரியது. ஆயினும் சடங்கின்றி நம்பிக்கை பிறக்காது என்பது அக்காலச் சங்கங்கள் அனைத்திலும் காணப்பட்ட எண்ணமே.

மூன்று அரசுகளின் எல்லைகள்

சங்கத்தின் செயற்பாட்டை விளங்கிக்கொள்ள அக்கால எல்லைகளை நினைவிற்கொள்ள வேண்டும். தென்காசியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. (இவ்வூர் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுடன் இணைந்தது.) திருநெல்வேலிக் காவல்துறை அங்கே நேரடியாக நுழைய இயலாது, சமஸ்தானத்தின் ஒத்துழைப்பைக் கோர வேண்டும். புதுச்சேரியோ பிரெஞ்சு ஆட்சிப்பகுதி. 1908இல் 'இந்தியா' இதழும் பாரதியாரும் அங்கே சென்றதற்கும், 1910இல் அரவிந்தர் அங்கே தஞ்சம் புகுந்ததற்கும் இதுவே காரணம்.

இவ்வாறு பிரித்தானிய மாவட்டம், மன்னர் சமஸ்தானம், பிரெஞ்சுக் குடியேற்றம் ஆகிய மூன்றின் இடைவெளிகளில் ஆட்களும் துண்டறிக்கைகளும் பயணித்தன. 'ஆரியர்களுக்கு ஓர் ஆப்த வாக்கியம்' என்ற துண்டறிக்கையும், அபிநவ பாரத சமாஜத்தில் சேர்வதற்கான பிரமாணப் பத்திரமும் சோதனைகளில் கைப்பற்றப்பட்டன. அவற்றை அச்சிட்டதாகக் குறிக்கப்பட்டிருந்த 'பரங்கி நாசினி அச்சுக்கூடம்' என்பது ஒரு போலிப் பெயர்.

1910 இறுதியில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த வ. வே. சு. ஐயர் இந்த வரலாற்றில் முக்கியமானவர். வழக்கறிஞர் கல்விக்காக இலண்டன் சென்ற அவர், அங்கே இந்தியா இல்லத்தில் சாவர்க்கரின் நெருங்கிய தோழரானார். 1909 சூலை 1 அன்று மதன்லால் திங்ரா இலண்டனில் கர்சன் வைலியைச் சுட்டதும், அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று அனந்த கான்கரே நாசிக்கில் ஆட்சியர் ஜாக்சனைச் சுட்டதும் இந்த வட்டத்துடன் தொடர்புடையவை. வாஞ்சிநாதன் 1911 தொடக்கத்தில் பணியில் விடுப்பு எடுத்துப் புதுச்சேரிக்குச் சென்றார். அங்கே அவருக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சியை வ. வே. சு. ஐயர் அளித்ததாகக் கருதப்படுகிறது.

அமைப்புக்குள் ஒரு பிளவு இருந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். மக்கள் கிளர்ச்சி ஒன்றுக்கு ஆயத்தம் செய்வதே தம் நோக்கம் என்றும், தனி அதிகாரிகளைக் கொல்வதில் தமக்கு உடன்பாடில்லை என்றும் நீலகண்டர் பிற்காலத்தில் தெரிவித்தார். கொலை நடந்தபோது அவர் வட இந்தியாவில் இருந்தார் என்பது இக்கூற்றுக்கு ஓரளவு வலு சேர்க்கிறது. இருப்பினும் வெள்ளையரின் இரத்தமாகப் பாவித்து நீர் பருகச் செய்த சபதத்திற்கும் இந்தக் கூற்றுக்கும் உள்ள இடைவெளி எளிதில் நிரவக்கூடியதன்று.

மணியாச்சி நிகழ்வு

1911 சூன் 17, சனிக்கிழமை. ஆஷும் அவருடைய மனைவி மேரியும் கொடைக்கானலில் இருந்த தம் பிள்ளைகளைக் காணப் புறப்பட்டனர். திருநெல்வேலியிலிருந்து காலை 9.30 மணியளவில் கிளம்பிய வண்டி 10.38க்கு மணியாச்சியை அடைந்தது. தூத்துக்குடியிலிருந்து வரும் கொழும்புப் படகுத் தொடர்வண்டியுடன் இணைவதற்காக அவ்வண்டி அங்கே சில நிமிடங்கள் நிற்பது வழக்கம். முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்திருந்தபோது, நன்கு உடுத்திய இளைஞர் ஒருவர் பெட்டியினுள் ஏறி ஆஷைச் சுட்டார். பின்னர் நடைமேடையில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து, தம் வாயில் சுட்டு உயிரை மாய்த்துக் கொண்டார். பயன்படுத்தப்பட்டது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. ஆஷ் திருநெல்வேலிக்குத் திரும்பக் கொண்டுவரப்படும் வழியிலேயே இறந்தார்.

இறந்த இளைஞரின் சட்டைப்பையில் தமிழில் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா இலண்டனில் சூன் 22 அன்று நடக்கவிருந்த நேரம் அது. மன்னர் இந்திய மண்ணில் கால் வைத்ததும் அவரைக் கொல்ல மூவாயிரம் சென்னை மாகாணத்தார் சபதம் எடுத்திருப்பதாகவும், அதை அறிவிக்கவே அவர்களில் கடையனாகிய தான் இச்செயலைச் செய்வதாகவும் கடிதம் கூறியது. அதே கடிதம் அன்னியர் ஆட்சியைச் சனாதன தருமத்தை மிதிக்கும் ஆட்சி என்று பழித்தது. ஆங்கில மன்னரை இழிவுபடுத்துவதற்காகச் சாதி சார்ந்த வசைச்சொல் ஒன்றையும் ஆண்டது.

விசாரணையும் வழக்கும்

மூவாயிரம் என்ற எண்ணிக்கை அரசைக் கலக்கியது. டிசம்பர் மாதம் தில்லியில் மன்னர் பங்கேற்கும் தர்பார் நடக்கவிருந்ததால் விசாரணை முடுக்கிவிடப்பட்டது. வாஞ்சிநாதன் வீட்டில் கிடைத்த கடிதங்கள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு வழிகாட்டின. தூத்துக்குடியைச் சேர்ந்த ஆறுமுகம் பிள்ளையும் சோமசுந்தரம் பிள்ளையும் அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாறினர். தேடப்பட்டவர்களுள் தர்மராஜ ஐயர் நஞ்சுண்டும், வெங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டும் உயிர் துறந்தனர். ஓட்டப்பிடாரம் மாடசாமி பிள்ளை தலைமறைவானார். அவர் இறுதிவரை பிடிபடவே இல்லை. நீலகண்டர் கல்கத்தாவில் காவல்துறையின் பொறுப்பில் வந்தார்.

மொத்தம் பதினான்கு பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. நடுவர் குழாம் இன்றி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அடங்கிய சிறப்பு அமர்வு இதனை விசாரித்தது. தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட், நீதிபதி ஐலிங், நீதிபதி சங்கரன் நாயர் ஆகியோர் அமர்வில் இருந்தனர். எதிரிகள் தரப்பில் தோன்றிய வழக்கறிஞர்களுள் ஜே. சி. ஆடம், பிற்காலத்தில் சென்னை மாகாண முதல்வரான த. பிரகாசம், எம். டி. தேவதாஸ் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

வழக்கின் மையச் சிக்கல் சாட்சியத்தின் தரம் பற்றியது. குற்றத்தில் உடன்பட்டவரின் சாட்சியத்தைக் கொண்டு தண்டிப்பது சட்டப்படி செல்லும் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 133ஆம் பிரிவு கூறியது. அதே சட்டத்தின் 114ஆம் பிரிவோ, வேறு சான்றால் உறுதிப்படாத நிலையில் அத்தகையவர் நம்பத்தகாதவர் என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்றது. இரகசியச் சங்கங்களுக்கு எதிரான வழக்குகள் அனைத்தும் இவ்விரு பிரிவுகளுக்கு நடுவிலேயே ஊசலாடின எனலாம். உள்ளிருந்தவர் சொன்னாலன்றி உள்ளே நடந்தது தெரியாது. உள்ளிருந்தவரோ தம்மைக் காத்துக்கொள்ளப் பேசுபவர்.

1912 பிப்ரவரி 15 அன்று தீர்ப்பு வெளிவந்தது. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்ததாக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 121-அ பிரிவின் கீழ் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டனர். நீலகண்டருக்கு ஏழு ஆண்டுகளும், சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு ஆண்டுகளும், மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகளும், ஏனையோருக்குக் குறைந்த காலமும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஐவர் விடுவிக்கப்பட்டனர். எவருக்கும் தூக்குத் தண்டனை இல்லை. கடிதம் சொன்ன மூவாயிரம் பேரில் நீதிமன்றம் கண்டது இந்தப் பதினால்வரையே.

விளைவுகள்

புதுச்சேரியில் தங்கியிருந்தோர் மீது கண்காணிப்பு கடுமையானது. அயலார் அங்கே தங்க வேண்டுமாயின் மதிப்புக்குரிய ஐவரின் நற்சான்று வேண்டும் என்ற விதியைப் பிரெஞ்சு நிர்வாகம் கொண்டுவந்தது. பாரதியார் முதலியோருக்குக் கலவை சங்கரச் செட்டியார் முயன்று கையெழுத்துகளைப் பெற்றுத் தந்தார். தமிழகத்தில் இரகசியப் புரட்சி முயற்சிகள் இதன்பின் நெடுங்காலம் தலையெடுக்கவில்லை. 1918ஆம் ஆண்டின் ரௌலட் குழு அறிக்கையும் சென்னை மாகாணத்திற்கு மிகச் சில பக்கங்களையே ஒதுக்கியது. மீண்டும் இத்தகைய குழு ஒன்றின் பெயர் அடிபட்டது 1933ஆம் ஆண்டின் உதகமண்டல வங்கிக் கொள்ளையின்போதுதான்.

தருமபுரியும் நந்தி மலையும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லைப் பகுதியில் இச்சங்கம் இயங்கியதில்லை. எனினும் அக்காலத் திருநெல்வேலி எழுச்சியுடன் தொடர்புடைய இருவரின் வாழ்க்கை இப்பகுதியை ஒட்டியே நிறைவுற்றது.

முதலாமவர் சுப்பிரமணிய சிவா. சங்கம் இயங்கிய காலத்தில் அவர் சிறையில் இருந்ததால் அதன் உறுப்பினர் அல்லர். சிறையில் தொழுநோய்க்கு ஆளான அவர் 1912இல் விடுதலையானார். 'ஞானபானு' என்னும் இதழை நடத்தினார். தொழுநோயாளர் தொடர்வண்டியில் செல்லக்கூடாது என்ற தடையினால் ஊர் ஊராக நடந்தும் கட்டை வண்டியிலும் பயணித்தார். அக்காலச் சேலம் மாவட்டத்தில், இன்றைய தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் வட்டத்திலுள்ள பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமத்தை நிறுவினார். அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழுமுன்னர், 1925 சூலை 23 அன்று சிவா அங்கேயே காலமானார். தமிழ்நாடு அரசு அங்கே அவருக்கு மணிமண்டபம் அமைத்துள்ளது. பாரத மாதா நினைவாலயம் 2021இல் திறக்கப்பட்டது. இரத்த ரேகையுடன் இரகசியமாக வழிபடப்பட்ட பாரத மாதாவுக்கு வெளிப்படையான ஓர் ஆலயம் என்பது சிவாவின் எண்ணமாக இருந்தது கருதத்தக்கது.

மற்றவர் நீலகண்டரே. விடுதலைக்குப் பின் பொதுவுடைமைக் கருத்துகளில் ஈடுபட்ட அவர், 1922இல் மீண்டும் கைதாகி 1930 வரை சிறையில் இருந்தார். பின்னர் துறவு பூண்டு, மைசூர் சமஸ்தானத்தின் நந்தி மலையில் தங்கினார். சத்குரு ஓம்கார் என்று அழைக்கப்பட்ட அவருடைய முந்தைய வாழ்வை அறிந்தோர் அங்கே சிலரே. 1978 மார்ச்சு 4 அன்று அங்கேயே மறைந்தார். ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியைக் கடந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் மேலும் வடக்கே பயணிப்போர் அவருடைய சமாதி அமைந்த நந்தி மலையை அடையலாம். ஏழு ஆண்டுத் தண்டனை பெற்றபோது 22 வயதாயிருந்த அந்த இளைஞர், விடுதலை பெற்ற இந்தியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. அவருடைய வாழ்க்கை வரலாற்றை ரா. அ. பத்மநாபன் நூலாக எழுதியுள்ளார்.

மதிப்பீடும் சர்ச்சைகளும்

வாஞ்சிநாதனின் கடிதம் குறித்த விவாதம் தொடர்ந்து வருகிறது. நாட்டு விடுதலைக்காக உயிரைக் கொடுத்தவர் என்று ஒரு சாராரும், வருணாசிரம நோக்கில் செயல்பட்டவர் என்று மறுசாராரும் கூறுவர். கடிதத்தில் சாதி இழிவு அடங்கிய சொல் இருப்பது மறுக்க இயலாதது. அதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. அதே வேளை, கொலைக்குச் சாதி மட்டுமே காரணம் என்று கொள்வதும் பொருந்தாது. சங்கத்தில் பிராமணரும் வேளாளரும் ஒன்றாகச் சபதம் எடுத்தனர் என்பதையும், 1908ஆம் ஆண்டின் அடக்குமுறையையும் ஒதுக்கிவிட முடியாது. பேறுகால வலியில் துடித்த தாழ்த்தப்பட்ட பெண் ஒருவரை ஆஷ் அக்கிரகாரத்தின் வழியே அழைத்துச் சென்றதால்தான் கொல்லப்பட்டார் என்னும் கதை இணையத்தில் பரவலாக உள்ளது. இதற்குச் சமகால ஆவணச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. ஆஷ் பற்றிய ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'ஆஷ் அடிச்சுவட்டில்' என்ற நூல் இத்துறையில் பயனுள்ளது.

மணியாச்சி நிலையம் பின்னர் 'வாஞ்சி மணியாச்சி' எனப் பெயர் மாற்றப்பட்டது. செங்கோட்டையில் வாஞ்சிநாதனுக்குச் சிலை உண்டு. ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையிலும், அவர் நினைவாக எழுப்பப்பட்ட மண்டபம் தூத்துக்குடியிலும் உள்ளன. நஞ்சுண்டு இறந்த தர்மராஜ ஐயருக்கும், காணாமற்போன மாடசாமிக்கும் அத்தகைய பரவலான நினைவுச் சின்னங்கள் இல்லை.